பால் சீட்டில் எந்தப் பெயர் அச்சாக வேண்டும்?

கேள்வி: நானும் இரண்டு நண்பர்களும் ஏழு வருடத்துக்கு முன்னால் பால் சங்கங்களுக்காக ஒரு மென்பொருள் எழுதினோம். பால் ஊற்றும்போது எடை, ஃபேட் (கொழுப்பு), எஸ்.என்.எஃப் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) மூன்றையும் மெஷினிலிருந்து எடுத்து, விலை கணக்குப் போட்டு, உறுப்பினருக்குச் சீட்டு அடித்துக் கொடுக்கும். யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டோம். இன்று சித்தூர், பாலக்காடு பக்கத்துச் சங்கங்களிலும் ஓடுகிறது. கென்யாவிலிருந்து ஒருவர் சுவாஹிலி மொழிபெயர்ப்பு சேர்த்திருக்கிறார். பங்களிப்பவர்கள் முப்பது பேருக்கு மேல். ஆரம்பத்தில் ஒரே ஒரு நிறுவனத்தின் பால் பரிசோதனைக் கருவியோடுதான் இது வேலை செய்தது. அதனால் அந்தக் கருவியின் பெயரோடு நாலு எழுத்தை ஒட்டி எங்கள் மென்பொருளுக்கும் பெயர் வைத்துவிட்டோம். இப்போது அந்த நிறுவனத்திடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. பெயரை மாற்றுவது என்று முடிவெடுத்துவிட்டோம். ஆனால் எதை வைப்பது என்று மூன்று மாதமாகச் சண்டை. படி, நுரை, உழக்கு, கறவை என நாலு பெயர்கள் நிற்கின்றன. கூடவே ஒரு மஸ்காட்டும், அதாவது மென்பொருளின் அடையாளமாக ஒரு உருவமும், வேண்டும் என்கிறார்கள். குழுவில் ஒரு தம்பி ஏ.ஐ.யில் பசு மாட்டுப் படம் ஒன்றைத் தயார் செய்து அனுப்பினான், பாதிப் பேருக்கு அது பிடித்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஓட்டெடுப்பு வைத்துவிடலாமா? பெயரை என் பேரில் பதிவு செய்தால் போதுமா?
(கோவை வாசகர். மென்பொருளின் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்: முதலில் பயத்தை விடுங்கள். இப்படி நோட்டீஸ் வாங்கிய முதல் ஓப்பன் சோர்ஸ் குழு உங்களுடையது இல்லை. கெய்ம் என்று ஒரு சாட் மென்பொருள் இருந்தது. ஏ.ஓ.எல் நிறுவனத்தின் எய்ம் சேவைக்காக எழுதியது என்பதால் அதே பெயரை உள்ளே வைத்துக்கொண்டார்கள். ஏ.ஓ.எல் விடவில்லை. வருடக்கணக்கில் இழுத்து, கடைசியில் 2007-ல் பிட்ஜின் என்று பெயர் மாற்றினார்கள். பொது மொழி இல்லாத இரண்டு கூட்டத்தார் பேசிப் பழகும்போது உருவாகும் கலப்பு மொழிக்கு ஆங்கிலத்தில் பிட்ஜின் என்று பெயர். எல்லா சாட் சேவைகளோடும் பேசும் மென்பொருளுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. உச்சரிப்பு புறாவுக்கான ஆங்கிலச் சொல் போலவே இருப்பதால் ஊதா நிறப் புறா ஒன்று சின்னமாக வந்து உட்கார்ந்துகொண்டது. அடுத்தவர் கருவியின் பெயரைச் சுமந்துகொண்டிருந்த மென்பொருளுக்குச் சொந்த முகம் கிடைத்தது அப்போதுதான். உங்களுக்கும் அது நடக்கலாம்.

இருபது வருடமாக டிரேட்மார்க் வேலை பார்க்கிறேன். அதில் கற்ற ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயரும் மஸ்காட்டும் ஒரே சாமான் இல்லை. பெயரை இறுக்கிப் பூட்டி வைக்க வேண்டும், மஸ்காட்டைத் திறந்து விட வேண்டும். உங்கள் குழுவில் நடக்கும் சண்டையில் பாதி, இரண்டையும் ஒரே பெட்டிக்குள் போட்டு முடிவெடுக்கப் பார்ப்பதால் வருவது.

சரி, நாலு பெயர்களையும் பார்ப்போம்.

படி எனக்கு ரொம்பப் பிடித்த சொல். அளக்கிற படி, ஏறுகிற படி, புத்தகம் படி எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் இதை ஆங்கிலத்தில் எழுதிக் கூகுளில் தேடினால் ஸ்கூபா டைவிங் பயிற்சி கொடுக்கும் உலக அமைப்புதான் வந்து நிற்கும், அதன் சுருக்கப் பெயரும் அதே நாலு எழுத்து. மலாய் மொழியில் நெல்லுக்கு அதுதான் சொல். சென்னைக்காரர்களுக்கு அது அம்பத்தூர் போகிற வழியில் ஒரு இடம். டிரேட்மார்க் சட்டப்படி டைவிங்கும் பால் கணக்கும் வேறு வேறு வகுப்பு, அதாவது வேறு வேறு தொழில் வகை, என்று வாதாட முடியும். ஆனால் உங்கள் மென்பொருளைத் தேடும் சங்கச் செயலாளர் நாலாவது பக்கத்தில்தான் உங்களைக் கண்டுபிடிப்பார்.

நுரை கேட்க அழகு, ஆங்கில எழுத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வரும். மலையாளிக்கும் கன்னடக்காரருக்கும் சட்டென்று புரியும். ஆனால் பால் வாங்குகிறவரைக் கேளுங்கள். வாசலில் பால்காரர் உயரத்திலிருந்து ஊற்றும்போது என் பாட்டி, "நுரை அடங்கட்டும், அப்புறம் அளங்க" என்பார். அளவில் ஏமாற்று என்றால் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது நுரைதான். இன்று எடை மெஷினில் நுரை ஒன்றும் செய்யாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் சரியான கணக்கைத் தருவதற்கென்றே எழுதப்பட்ட மென்பொருள் கொடுக்கும் சீட்டின் தலையில் அந்தச் சொல் வேண்டாம்.

உழக்கு பொருளில் அருமை. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, நாலு உழக்கு ஒரு படி என்று அளந்து வாழ்ந்த ஊர் நம்முடையது. சிக்கல் ழகரத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது எல் போடுவதா, இசட்டும் எச்சும் போடுவதா? கே ஒன்றா இரண்டா? ஒரு சோதனை சொல்கிறேன். ஒரே நாளில் ஐந்து பேருக்குப் போன் போட்டுப் பெயரை வாயால் மட்டும் சொல்லி, ஆங்கிலத்தில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். ஐந்து பேரில் நாலு பேர் ஒரே மாதிரி எழுதினால் பெயர் தேறும். உழக்குக்கு நான் என் அலுவலகத்திலேயே இதைச் செய்து பார்த்தேன். ஐந்து பேர், நாலு விதம். எழுத்துப் பிழையோடு தேடுகிற ஒவ்வொருவரும் உங்களைத் தவறவிடுவார்கள். அதைவிட மோசம், அந்த மாற்று எழுத்துக்கூட்டலில் வேறு யாராவது ஒரு போலி மென்பொருள் பொதியை இணையத்தில் ஏற்றி வைக்கலாம்.

கறவைக்குத்தான் என் ஓட்டு. பசு, எருமை இரண்டுக்கும் பொருந்தும். பாலக்காட்டு நண்பருக்குக் கறவப்பசு தெரியும், விளக்கவே வேண்டாம். ஆங்கிலத்தில் எழுதினால் பெரும்பாலும் ஒரே கூட்டல்தான் வரும். டெர்மினலில் தட்டுவதற்கும் நீளமில்லை.

ஆனால் ஒரு முள் இருக்கிறது. தெலுங்கில் கரவு என்றால் பஞ்சம். உங்கள் சித்தூர் பங்களிப்பாளர்களின் காதில் இது எப்படி விழுகிறது என்று எனக்கும் உங்களுக்கும் சொல்ல முடியாது, அவர்கள்தான் சொல்ல வேண்டும். இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். கணித நிரூபணங்களைச் சரிபார்க்கும் ஒரு பிரெஞ்சு மென்பொருள் நீண்ட காலம் 'காக்' என்ற பெயரில் இருந்தது. பிரெஞ்சில் சேவல் என்று பொருள். ஆங்கிலம் பேசுகிறவர்கள் காதில் அது கெட்ட வார்த்தையாக விழும். வகுப்பில் பாடம் எடுக்கிறவர்களும், அதில் வேலை செய்கிறேன் என்று வெளியில் சொல்ல வேண்டிய பெண்களும் பட்ட சங்கடம் கொஞ்சநஞ்சமில்லை. முப்பது வருடத்துக்கு மேல் ஓடிய பெயரை விட்டு 2025-ல் 'ராக்' என்று மாறிவிட்டார்கள். அந்த மென்பொருள் பிறந்த ரோக்கன்கூர் ஆராய்ச்சி மையத்தின் பெயரும், அரபுக் கதைகளில் வருகிற ராட்சதப் பறவையின் பெயரும் அதற்குள் இருக்கின்றன. பழைய பெயரின் ஒலியும் முழுசாகப் போய்விடவில்லை. நல்ல மாற்றம், ஆனால் அந்த ஒரு கேள்வியை ஆரம்பத்திலேயே யாராவது கேட்டிருந்தால் அவ்வளவு வருடச் சங்கடம் மிச்சமாகியிருக்கும்.

பெயரை முடிவு செய்ததும் தேட வேண்டும், முழுசாகத் தேட வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2002-ல் ஃபீனிக்ஸ் என்று வெளியிட்டார்கள், ஃபீனிக்ஸ் டெக்னாலஜிஸ் என்ற நிறுவனம் ஆட்சேபித்தது. 2003-ல் ஃபயர்பேர்டு என்று மாற்றினார்கள். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு டேட்டாபேஸ் இருந்தது, அதுவும் ஓப்பன் சோர்ஸ். அந்தக் குழு கொதித்துப் போனது. 2004 பிப்ரவரியில்தான் ஃபயர்ஃபாக்ஸ் ஆனது. இரண்டாவது தடவை இடித்தது நிறுவனம் இல்லை, சக குழு என்பதைக் கவனியுங்கள். அதனால் டிரேட்மார்க் பதிவேட்டில் மட்டும் பார்த்தால் போதாது. கிட்ஹப், டெபியன் என்ற லினக்ஸ் வடிவத்தின் பொதிப் பட்டியல், பைபிஐ, என்பிஎம் போன்ற நிரல் கிடங்குகள், பிளே ஸ்டோர் எல்லாவற்றிலும் பாருங்கள். நம் நாட்டு டிரேட்மார்க் பதிவேட்டின் இணையத் தேடல் இலவசம், அதில் ஒலி ஒற்றுமையை வைத்துத் தேடும் வசதியும் இருக்கிறது. மென்பொருளுக்கு 9, 42 என்ற இரண்டு வகுப்புகளையும் கட்டாயம் பாருங்கள். உங்கள் விஷயத்தில் பால் பொருட்கள் வருகிற 29-ஆம் வகுப்பையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். கறவை என்ற பெயரில் யாராவது நெய் விற்றுக்கொண்டிருக்கலாம்.

இப்போது நீங்கள் கேட்ட கடைசிக் கேள்வி. உங்கள் பேரில் பதிவு செய்தால் போதுமா? தயவுசெய்து வேண்டாம். ஏன் எல்லோரும் அப்படிச் செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். இணையம் வழியாக விண்ணப்பித்தால் தனிநபருக்கு ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், டிரஸ்ட் போன்ற அமைப்புக்கு 9,000. இரண்டு வகுப்புக்குப் போட்டால் 9,000 ரூபாய் வித்தியாசம். கையிலிருந்து காசு போடுகிற குழுவுக்கு அது பெரிய தொகைதான். அதை மிச்சம் பிடிக்க, யாராவது ஒருவர் "என் பேர்ல போட்டுடுங்க, அப்புறம் மாத்திக்கலாம்" என்பார். அப்புறம் வராது. என்னிடம் வந்த ஒரு குழுவில் அப்படித்தான் நடந்தது. பெயர் இருந்தது ஒருவர் பேரில். நல்ல மனிதர். நாற்பத்திரண்டு வயதில் திடீரென்று இறந்துபோனார். பெயர் சட்டப்படி அவருடைய வாரிசுகளுக்குப் போனது. அந்த அம்மாவுக்குக் கணவர் ராத்திரி உட்கார்ந்து எதையோ எழுதுவார் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. கேட்டதும் சம்மதித்தார், ஒரு பைசா கேட்கவில்லை. ஆனாலும் வாரிசுச் சான்றிதழ், சின்னப் பிள்ளைகளுக்கான அனுமதி என்று பதினொரு மாதம் அலைந்தோம். துக்க வீட்டுக்குக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போன அந்த மத்தியானத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

வேறு விதமாகவும் கை நழுவும். நெட்வொர்க் பொறியாளர்கள் தினமும் பயன்படுத்தும் வயர்ஷார்க்கின் பழைய பெயர் ஈத்தரியல். அதை எழுதிய ஜெரால்ட் கோம்ப்ஸ் 2006-ல் வேலை மாறினார். நிரலை எடுத்துக்கொண்டு போக முடிந்தது, அதுதான் ஓப்பன் சோர்ஸ் ஆயிற்றே. பெயரை எடுத்துப்போக முடியவில்லை, அதன் உரிமை பழைய நிறுவனத்திடம் இருந்தது. நிரலின் உரிமம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் அது பெயருக்குப் பொருந்தாது.

நீங்கள் மூவரும், கூடவே நிறுவனர் அல்லாத இரண்டு பங்களிப்பாளர்களும் சேர்ந்து ஒரு சிறிய டிரஸ்ட் பதிவு செய்யுங்கள். விண்ணப்பம் அதன் வழியாகப் போகட்டும். பெயரின் ஓரத்தில் டிஎம் என்று இன்றைக்கே போடலாம். வட்டத்துக்குள் ஆர் போடுவது பதிவான பிறகுதான், முன்னாலேயே போட்டால் டிரேட்மார்க் சட்டத்தின் 107-ஆம் பிரிவுப்படி குற்றம். அப்புறம் ஒரு பக்கத்தில் பெயர்க் கொள்கை எழுதி வையுங்கள். 'கறவையோடு வேலை செய்யும்' என்று எவர் வேண்டுமானாலும் சொல்லலாம், சின்னத் திருத்தங்களோடு பொதி கட்டலாம், பெரிதாக மாற்றி வெளியிட்டால் மட்டும் வேறு பெயர் வைக்க வேண்டும். இதற்கு மேல் கறார் வேண்டாம். 2023-ல் ரஸ்ட் என்ற நிரல் மொழியின் அறக்கட்டளை கடுமையான ஒரு வரைவை வெளியிட்டு, சொந்தச் சமூகத்திடமே வாங்கிக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

இனி மஸ்காட். 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது வேட்டி சட்டையோடு கைகூப்பி நின்ற குதிரைத் தம்பியை நினைத்துப் பாருங்கள். செஸ் ஆடத் தெரியாதவர்களும் அவன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மஸ்காட்டின் வேலை அதுதான், ஒட்டிக்கொள்ள வைப்பது. பூட்டி வைத்தால் அந்த வேலை நடக்காது. லினக்ஸ் பென்குயினை 1996-ல் லாரி ஈவிங் வரைந்தார். என்னையும் நான் பயன்படுத்திய கிம்ப் மென்பொருளையும் குறிப்பிட்டுவிட்டு யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம் என்று விட்டுவிட்டார். தொப்பி போட்டு, வேட்டி கட்டி, ஊருக்கு ஒரு விதமாக உலகம் முழுக்க அது திரிவது அதனால்தான். கோ என்ற நிரல் மொழியின் மஸ்காட்டான கோஃபரை வரைந்த ரெனே ஃபிரெஞ்சும் அதே மாதிரி கிரியேட்டிவ் காமன்ஸில் கொடுத்துவிட்டார். இதற்கு எதிர்ப்பக்கம் ஃபயர்ஃபாக்ஸ். அதன் லோகோவின் உரிமம் டெபியனின் விதிகளுக்கு ஒத்துவரவில்லை. லோகோ இல்லாமல் பெயரை மட்டும் பயன்படுத்தக் கூடாது என்றது அதை வெளியிடும் மொசில்லா. 2006-லிருந்து பத்து வருடம் டெபியனில் அந்த உலாவி ஐஸ்வீசல் என்ற வேறு பெயரில் ஓடியது. படத்தையும் பெயரையும் ஒரே கயிற்றில் கட்டினால் இப்படி ஆகும்.

நீங்கள் அனுப்பிய பால் சீட்டின் போட்டோவை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 58 மில்லிமீட்டர் தெர்மல் தாள். மேலே பெயர், கீழே உறுப்பினர் எண், லிட்டர், ஃபேட், எஸ்.என்.எஃப், தொகை. ஓரத்தில் ஈரக் கைரேகை. உங்கள் மஸ்காட் முதலில் வாழ வேண்டிய இடம் இந்தத் தாள். அந்தப் பிரிண்டரில் குறுக்கே 384 புள்ளிகள்தான், கறுப்பு மட்டும்தான். தம்பி அனுப்பிய பசுப் படத்தை இங்கே ஒரு மெடிக்கல் ஷாப் பில் மெஷினில் அடித்துப் பார்த்தேன். நிழலும் வண்ணமும் கலந்த படம் என்பதால் பசு கறுப்புத் திட்டாக வந்தது, கண் எது மூக்கு எது என்று தெரியவில்லை. அவன் ஆர்வத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் இன்னும் இரண்டு விஷயம் இருக்கின்றன. இயந்திரம் செய்த படத்துக்குப் பதிப்புரிமையே கிடைக்காமல் போகலாம், மனிதர் கைபட்ட பகுதிக்குத்தான் தருவோம் என்கிறது அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம். அடுத்தது, நெற்றியில் திலகம் வைத்த பசு நம் நாட்டில் வெறும் பசுவாக இருக்காது. எல்லா வீட்டுக்காரர்களும் பால் ஊற்றுகிற சங்கத்தில், எருமை வைத்திருப்பவரும் தன்னுடையது என்று நினைக்கிற மாதிரி ஒரு முகம் வேண்டும். அதற்காக எருமையைப் போடவும் முடியாது, நம் ஊரில் அது வசவுச் சொல்.

எனக்குத் தோன்றுவது உண்ணிக்கொக்கு. மேய்கிற மாட்டின் முதுகில் நிற்குமே, அந்த வெள்ளைக் கொக்கு. மாடு நடக்கும்போது காலடியில் கிளம்பும் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும், சமயத்தில் உண்ணியையும் கொத்தும். நிரல் பிழையை 'பக்', அதாவது பூச்சி என்பார்கள், அதைப் பிடிப்பது உங்கள் ஆட்களும் தினமும் செய்கிற வேலைதானே. பசுவோ எருமையோ அதற்குப் பேதமில்லை. கோவையிலும் சித்தூரிலும் உண்டு, கென்யாவிலும் உண்டு, உங்கள் சுவாஹிலி நண்பர் ஜன்னலைத் திறந்தாலே பார்க்கலாம். நாலு கோட்டில் வரைந்துவிடலாம் என்பதால் தெர்மல் தாளிலும் தப்பிக்கும். பெயர் கறவை, மஸ்காட் கொக்கு, பொருந்துமா என்று கேட்பார்கள். லினக்ஸ் என்ற சொல்லுக்கும் பென்குயினுக்கும் என்ன சம்பந்தம்?

கை ஓவியர் ஒருவரிடம் காசு கொடுத்து வரையச் சொல்லுங்கள். இன்ன அலகு, இன்ன இறக்கை என்று சொல்வதைவிட அதன் மனநிலையைச் சொல்லுங்கள். வயிறு நிறைய மீன் தின்றுவிட்டுத் திருப்தியாக உட்கார்ந்திருக்கிற பென்குயின் வேண்டும் என்றுதான் லினக்ஸை உருவாக்கிய டோர்வால்ட்ஸ் கேட்டார், அது வந்துவிட்டது. ஒப்பந்தம் மட்டும் எழுத்தில் இருக்கட்டும். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, உரிமையை மாற்றித் தரும் பத்திரத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் அது ஐந்து வருடத்துக்குத்தான். இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும்தான். 'முழுக் காலத்துக்கும், உலகம் முழுதும்' என்ற ஒரு வரியை விட்டுவிட்டால் ஆறாவது வருடம் கென்யாவில் உங்கள் கொக்கு யாருடையது என்ற கேள்வி வரும். உரிமை டிரஸ்டுக்கு வந்த பிறகு, ஓவியர் பெயரைப் போட்டு யாரும் பயன்படுத்தலாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸில் விட்டுவிடுங்கள். அதை டிரேட்மார்க்காகப் பதிவு செய்ய வேண்டாம்.

ஓட்டெடுப்பு வைக்கலாம், நாலு பெயரையும் போட்டு வைக்காதீர்கள். நாலாகப் பிரிந்தால் முப்பது சதவீதம் வாங்கிய பெயர் ஜெயிக்கும், மிச்சம் எழுபது சதவீதம் பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். 2011 ஜனவரியில் ஹட்சன் என்ற மென்பொருளுக்குப் பெயர் உரிமைத் தகராறு ஆரக்கிளோடு வந்தபோது, ஜென்கின்ஸ் என்ற ஒரே பெயரை முன்வைத்து ஆமா இல்லையா என்று கேட்டார்கள். 214 பேர் ஆமா, 14 பேர் இல்லை. தேடி, சோதித்து, சித்தூர் நண்பர்களைக் கேட்டுத் தேறிய ஒரு பெயரை நீங்களும் அப்படி வையுங்கள். கறவை அங்கே இடித்தால் பட்டியலில் இல்லாத ஐந்தாவது பெயரைத் தேடலாம், மிச்சம் மூன்றுக்குத் திரும்ப வேண்டாம்.

கடைசியாக ஒன்று. நோட்டீஸுக்குப் பதில் தரக் கெடு எந்தத் தேதி என்று நீங்கள் எழுதவில்லை. இன்று ராத்திரியே எடுத்துப் பாருங்கள். புதுப் பெயர் முடிவாகும் வரை காத்திருக்காமல், பெயரை மாற்றச் சம்மதம், ஆறு மாதம் அவகாசம் வேண்டும், ஏற்கெனவே வெளியான பதிப்புகள் மேல் நடவடிக்கை கூடாது என்று மூன்று வரியில் ஒரு வக்கீல் வழியாகப் பதில் அனுப்பிவிடுங்கள். கூடவே அந்தக் கருவியோடு இந்த மென்பொருள் வேலை செய்யும் என்று விவரக் குறிப்பில் எழுதிக்கொள்ளவும் சம்மதம் கேளுங்கள். பெரும்பாலும் தருவார்கள், அவர்கள் கருவி விற்பதற்கும் அது நல்லதுதான்.